இருமலை அடக்கிய வீடு

மிளகாய் நெடி ஏறும்போது இருமக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது புகுந்த வீட்டில்தான். பிறந்த வீட்டில் எல்லோரையும் போல இருமிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். குடியாத்தத்தில் எங்களுடையது தறி வீடு. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். நைனாவும் நானும்தான். கூச்சம் கூடவே பிறந்தது. நாலு பேர் நிற்கிற இடத்தைத் தாண்ட வேண்டுமென்றால் வேறு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். கூச்சம் உள்ளவர்கள் பேச மாட்டார்கள். அதனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் ஜாஸ்தி.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் இனிக்க இனிக்கத்தான் பேசினார். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்துகிற இடம் அது. பட்டைத் தொட்டிகளெல்லாம் அவர் பொறுப்பு. நல்ல உயரம், நல்ல நிறம், தலை வாரியிருந்த விதமே ஒரு அழகு. நைனாவிடம், “உங்க பொண்ணு குடுத்து வச்சவ. எங்க ஷாப்புல யாரை வேணும்னாலும் கேளுங்க, என்னைப் பத்தி” என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா, என்ன படித்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், “என்னைப் பாத்துட்டு அக்கம்பக்கத்துல இன்னா சொன்னாங்கன்னு ஒரு கார்டு போடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நைனா கார்டு போடவில்லை. கல்யாணம் முடிந்த பிறகும் அவர் அதைக் கேட்டார்.

ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை மூக்கில் அடித்தது. முந்தானையால் மூக்கை மூடினேன். அதைப் பார்த்துச் சிரித்தது என் வீட்டுக்காரரின் அக்கா. “கொஞ்ச நாள் போவட்டும். அப்புறம் குடியாத்தத்துக்குப் போனா அங்கதான் நாத்தம் அடிக்கிற மாதிரி இருக்கும்” என்றார். அண்ணி என்று கூப்பிட்டேன். கல்யாணமான கொஞ்ச காலத்தில் கணவனை இழந்து, பிள்ளை இல்லாமல், தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். தம்பி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தையல் வேலை செய்தார். ஆம்பூரில் பெரிய வீட்டு சாயபுமார்களின் பெண்டுகள் கோஷா. ஆண் தையல்காரனிடம் அளவு கொடுக்க மாட்டார்கள். அண்ணிதான் பின்வாசல் வழியாகப் போய் அளவெடுத்து வந்து, குப்பாயம் என்கிற மேல்சட்டையும் குர்த்தாவும் கையாலேயே தைத்துக் கொடுப்பார்.

முதலில் எனக்குச் சந்தேகம் விழுந்தது இந்த அண்ணி மேல்தான். போன புதிதில் ஒரு காலையில், தைத்து முடித்த குப்பாயத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இந்த மாதிரி கை ஆம்பூர்ல இன்னொருத்திக்கு இருக்குதா சொல்லு பாக்கலாம்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் தன்னைத் தானே இப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ‘இவளுக்குத் தலைக்கனம். இவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்’ என்று எண்ணிக்கொண்டேன்.

அதே நாள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட வரச் சொன்னார். அந்தப் பெரிய வீட்டு பீபி குப்பாயத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, கையிடுக்குல புடிக்குதே” என்றார். நான் அண்ணியின் முகத்தையே பார்த்தேன், இப்போது என்ன ஆகும் என்று. ஒன்றும் ஆகவில்லை. அண்ணி குனிந்து தையலைப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். “ஆமா. அரை விரல் கம்மியா வச்சிட்டேன். என் தப்புதான். கழட்டிக் குடுங்க, சாயந்தரம் தர்றேன்” என்றார். பீபியும் அதோடு விட்டுவிட்டுத் தன் மகளுக்குக் காய்ச்சல் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன், “உங்களுக்கு வருத்தமா இல்லியா அண்ணி?”

“எதுக்கு?”

“காலைல உங்க கை மாதிரி யாருக்கும் இல்லன்னீங்க.”

“இல்லதான். அதுக்கு இன்னா இப்போ? நல்ல கையும் ஒரு நாள் தப்பாத்தான் தைக்கும். பிரிச்சாப் போச்சு.” நடந்துகொண்டே, “புடிக்குதுன்னு சொன்ன வரைக்கும் லாபம். சொல்லாம மடிச்சி பொட்டில வச்சிட்டு அடுத்த துணிய வேற எவளுக்காவது குடுத்திருந்தா?” என்றார்.

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரோஷத்தை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தையலைப் பிரிக்கிற வேகத்தில் கோபம் தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஏதோ பாட்டை முனகிக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரரிடம் இப்படி ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் கோயிலுக்குக் கிளம்பி நின்றவரிடம், வேட்டியின் பின்பக்கம் பட்டைக் கறை இருக்கிறது என்றேன். நல்லதற்குத்தான் சொன்னேன். அவர் குனிந்து வேட்டியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். “யார் சொன்னா?” என்றார். யாரும் சொல்லவில்லை, நானே பார்த்தேன் என்றேன். “நீயே பாத்தியா? இல்ல, பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக் குடுத்தாளா?” அன்று முழுக்க இதே கேள்வி. வேட்டியை மாற்றினாரா என்றால் இல்லை. கறையோடுதான் கோயிலுக்குப் போனார்.

கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மழையில் நனைந்த ஒரு கிழவருக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு வந்தவர்தான் அவர். ஆனால் அந்தக் குடைக் கதையை அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் கேட்டோம். சாவு வீட்டுக்குப் போய் வந்தால், “நான் அழுததைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் அழ ஆரம்பிச்சாங்க” என்பார். செத்தவர் யார் என்று மாமியார்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி மிளகாய்க்கு வருகிறேன். அவருக்குத் தலை வலித்தாலும், சோறு இறங்காவிட்டாலும், ஷாப்பில் முதலாளி முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் அது கண் பட்டதுதான். பொறாமைக் கண். ஊரில் பாதிப் பேருக்குத் தன் மேல் கண் என்பார். உடனே மாமியார் திருஷ்டி கழிக்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் கடுகும் கையில் எடுத்துத் தலையைச் சுற்றி, பின்கட்டு அடுப்பில் கொண்டுபோய்ப் போடுவார். இந்த வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெடி ஏறி இருமல் வந்தால் கண் ஒன்றும் இல்லை. மிளகாய் கருகியும் நெடியே வராவிட்டால் கண் பட்டிருந்தது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் எனக்குச் சுற்றிப் போட்டு நெடி வந்தால் நைனா இருமிக்கொண்டே சிரிப்பார். “ஒண்ணுமில்ல, போய் சாப்பிடு” என்பார். அதே பழக்கத்தில், புகுந்த வீட்டில் முதல் தடவை அடுப்பங்கரையில் நின்றவள் நன்றாக இருமிவிட்டேன். தும்மலும் வந்தது. ‘நல்லதாப் போச்சு, கண் இல்லை’ என்று சந்தோஷமாகக் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவர் முகம் கறுத்திருந்தது. எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பிடவில்லை.

மாமியார் என் கையைப் பிடித்து அடுப்பங்கரை மூலைக்கு இழுத்தார். “நீ புதுசு. தெரியாது. மிளகா போடறப்ப முந்தானைய வாயில வச்சி அழுத்திக்கோ.”

“ஏன் அத்தை? நெடி வந்தா நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா அவனுக்கு மனசு கஷ்டமா போவுதும்மா” என்றார். 

நான் அதை வைத்துக்கொண்டு யோசித்தபடியே இருந்தேன். ஒரு ஆளிடம் ‘உன் மேல் யாருக்கும் பொறாமை இல்லை, உனக்கு யாரும் கெடுதல் நினைக்கவில்லை’ என்று சொன்னால் அவன் நிம்மதியாகத்தானே படுக்க வேண்டும்? இவருக்கு அதுவே ஏன் அடி மாதிரி விழுகிறது? அடுத்த தடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கவனித்தேன். அடுப்பில் மிளகாய் கருகுகிறது. புகை கண்ணைக் கரிக்கிறது. மாமியார் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மார்பு ஏறி இறங்குகிறது. சத்தம் மட்டும் இல்லை. கூடத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார், “இன்னாம்மா, நெடி வருதா?” மூச்சை அடக்கிக்கொண்டு மாமியார், “இல்லடா, துளிகூட இல்ல. பெரிய கண்ணா இருக்குது” என்றார். சுண்ணாம்பிலும் பட்டையிலும் கிடந்து கிடந்து அவருக்கு மூக்கு அவ்வளவாக வேலை செய்யாது. எங்கள் இருமலைத்தான் நம்பியிருந்தார். “எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். மாமியார் மிளகாயைக் கையில் எடுத்தாலே அண்ணி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஒரு தடவை கூட நெருப்புப் பக்கம் நிற்கவில்லை. எனக்கு இருந்த சந்தேகம் வலுத்தது. கண் போட்டவர்கள்தான் அந்த நெருப்பைக் கண்டு பயப்படுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாடி, வேவு பாக்கறியா?”

எனக்கு முகம் சுட்டது. இல்லை என்று தலையாட்டினேன்.

“எனக்கு இருமல அடக்க வராது. உள்ள இருந்தா இருமிடுவேன். அப்புறம் அவன் சோறு திங்க மாட்டான், அம்மா அழும். அதான் இங்க வந்து நிக்கிறேன்” என்றார். குடத்தை வாங்கித் தானே நீர் சேந்தி ஊற்றினார். “நீ இன்னாத்துக்கு இப்படித் தலைய குனிஞ்சிக்கினே நடக்கிற? தெருவுல போனா சுவரோரமா ஒட்டிக்கினு போற.”

“எல்லாரும் பாப்பாங்க அண்ணி.”

“யாரு பாக்கறாங்க உன்னை? அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை.” சிரித்துவிட்டு, “இந்த வீட்ல ஏற்கெனவே ஒருத்தன் ஊரே தன்னைப் பாக்குதுன்னு இருக்கான். நீயும் ஆரம்பிக்காதே” என்றார்.

அன்றைக்குத்தான் என் சந்தேகம் முதல் தடவையாக என் பக்கமே திரும்பியது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நடந்தார், நான் குனிந்து நடந்தேன். இரண்டு பேரும் எண்ணியது ஒன்றையேதானா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு கடைத்தெருவில் நடுவில் நடந்து பார்த்தேன். உண்மைதான், ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. தாய் இல்லாதவளுக்குத் தாய் வீட்டில் பிரசவம் எப்படி நடக்கும்? நைனாவால் என்ன செய்ய முடியும்? அண்ணிதான், “நான் இருக்கேன். நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன், பயப்படாதே” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதங்களைத் தள்ளினேன்.

பொங்கலுக்குத் தம்பிக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார் அண்ணி. அதைப் போட்டுக்கொண்டு ஷாப்புக்குப் போனவரைப் பார்த்து அங்கே கணக்கு எழுதுகிறவர், “யாரு மேஸ்திரி தைச்சது? காலர் இன்னாமா நிக்குது! கை வேலைன்னா இதான்” என்றாராம். சுற்றி நின்றவர்கள் காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். இதை வந்து சொன்னவன் பக்கத்து வீட்டுக்காரன். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடியில் கூடப் போடாமல் மூலையில் எறிந்தார். அந்த வாரத்திலேயே ஷாப்பில் இரண்டு மேஸ்திரிகளுக்கு மேலாக ஒருவரை முதலாளி வைத்தார். அது இவர் இல்லை. அடுத்த நாள் தொட்டி ஓரத்தில் கால் வழுக்கி முழங்காலில் அடி.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தவர் எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். “எல்லாம் அக்கா கண்ணு. சட்டையத் தைச்சிக் குடுத்து அதுலயே கண்ணை வச்சி அனுப்பியிருக்குது. தான் வாழலன்னு என் மேல பொறாமை. இது இங்க இருந்தா பொறக்கிற பிள்ளை மேலயும் கண்ணு விழும்.” விரிஞ்சிபுரத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீடு இருந்தது. மாட்டைக் கட்டிச் சாணி அள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். சும்மா அனுப்பவும் மனசில்லை. வாலாஜாபேட்டையிலிருந்து தன் தாய்மாமாவை வரவழைத்து, தெருவில் நாலு பேரையும் வைத்துக்கொண்டு, அண்ணியின் காலடி மண்ணை மிளகாயோடு சேர்த்துச் சுற்றிப் போட வேண்டும். நெடி வராவிட்டால் அது அவள் கண்ணேதான் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்றார்.

அதில் இருந்த ஆபத்து எனக்குப் புரிந்தது. வீட்டை விட்டுப் போவது மட்டும் இல்லை அது. கண் உள்ளவள் என்று நாலு பேர் எதிரில் பேர் விழுந்துவிட்டால் எந்தப் பெரிய வீடும் பின்வாசலைத் திறக்காது. கல்யாணப் பெண்ணுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் தைக்கிற கை அது. அந்தக் கையை யார் உள்ளே விடுவார்கள்?

மாமியாரிடம் கேட்டேன், “அத்தை, அண்ணி போய்ட்டா?”

“அவனுக்கு மனசு ஆறணும்மா” என்றார். அரிசியைப் புடைத்துக்கொண்டே, “அவ எங்க போனாலும் பொழைச்சிக்குவா. இவன் அப்படி இல்ல” என்றார். பெற்றவள் கணக்கு அப்படி. உறுதியாக நிற்கத் தெரிந்த பிள்ளையை விட்டுவிட்டு, ஆடிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு முட்டுக் கொடுக்கிற கணக்கு.

அண்ணியிடமும் போனேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். “நான் கண்ணு வைக்கல. அது எனக்குத் தெரியும்” என்றார். “ஆனா இந்த வீட்ல நெடி வராதே. அதுவும் எனக்குத் தெரியும்.” நூல் காதில் நுழையவில்லை. அவர் நூல் கோக்கத் தடுமாறி நான் பார்த்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். மாமா பார்க்க வேண்டும் என்பதற்காகக் குமுட்டி அடுப்பில் கரி போட்டுக் கூடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் பலகையில் உட்கார்ந்தார், தலை வாரி, சலவை வேட்டி கட்டிக்கொண்டு. மாமா எதிரில். மூக்குப்பொடி போட்டுப் போட்டு அந்த மூக்குக்கு மிளகாய் எந்த மூலை? தெருக்காரர்கள் வாசலுக்கு வெளியே, காற்றோட்டத்தில் நின்றார்கள். அண்ணியைத் தூண் ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். கொல்லைக்கு ஓட வழியில்லை. இருமினால் ‘தப்பித்துக்கொள்ள இருமுகிறாள்’ என்பார்கள் என்று அவருக்கும் தெரியும். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

மாமியார் சுற்றினார். மண்ணும் மிளகாயும் உப்பும் நெருப்பில் விழுந்தன. போகிற போக்கில் என்னைப் பார்த்துத் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். அடக்கிக்கொள் என்று.

புகை எழும்பியது. நான் என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன். நெருப்புக்கு அவ்வளவு கிட்டத்தில் அவர் இதுவரை உட்கார்ந்ததில்லை. எவ்வளவு மரத்த மூக்காக இருந்தாலும் தொண்டை தொண்டைதானே. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு அவரும் அடக்கிக்கொண்டிருந்தார்! அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. அதுவரைக்கும் அவர் நிஜமாகவே நம்புகிறார், நாங்கள்தான் ஏமாற்றுகிறோம் என்று எண்ணியிருந்தேன். மூச்சு முட்டிச் செத்தாலும் பரவாயில்லை, தன் மேல் ஒரு கண் வேண்டும் அவருக்கு. அதற்குத் தன் அக்காவைக் கொடுக்கவும் தயார்.

மாமா பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, “நெடி ஒண்ணும் தெரியலியே...” என்று ஆரம்பித்தார்.

நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். மூச்சை இழுத்தேன். இருமினேன். ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, பெரியவர்கள் எதிரில் வாய் திறந்து பேசியே அறியாதவள் வீடு அதிர இருமினேன்.  பிறகு மாமியார் இருமினார். அவரால் அடக்க முடியாமல் போயிற்றா, அடக்க வேண்டாம் என்று விட்டாரா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். தூண் ஓரமாக அண்ணி இருமினார். மாமா தும்மினார், பொடி டப்பா உருண்டது. வாசலில் யாரோ இருமிக்கொண்டே, “அப்பா சாமி, இன்னா காரம்! குண்டூர் மிளகாயா?” என்றார்கள். கடைசியாக அவரும் இருமினார். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததில் பலகையை விட்டே சாய்ந்துவிட்டார்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டேய், கண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. நெடி மூக்கப் பிச்சிக்கினு போவுது. உங்க அக்கா மேல தப்பு இல்ல. எழுந்து நிம்மதியா சாப்பிடு.”

அவர் நிம்மதி அடையவில்லை. சுற்றி எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். “அப்ப, யாரும் என்னைப் பாக்கலேன்றீங்களா?” என்றார்.

குரல் கம்மியிருந்தது. குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்படி இல்லை. ஷாப்பில் பட்டை இடிக்கிறவர் அவர். “காலைல எழுந்தா பட்டை இடிக்கப் போறோம், பொழுது சாஞ்சா வந்து விழறோம். உன்னைப் பாக்க எங்கப்பா நேரம்?” என்றார். தெருவே சிரித்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

நான் வேண்டுமென்றே இருமினேன் என்று பிறகு அவர் சொன்னார். அது உண்மைதான். நான் மறுக்கவில்லை. அக்காவிடமிருந்து கண் எனக்கு மாறிவிட்டது என்றார். அது பரவாயில்லை. என் பேர் கெட்டு எந்தப் பின்வாசலும் மூடப்போவதில்லை.

அண்ணி அந்த வீட்டில் இருக்கவில்லை. குப்பாயம் கையிடுக்கில் பிடிக்கிறது என்று சொன்ன அந்த பீபி, “நீ இன்னாத்துக்கு அங்க பேஜார் படுற? எங்க பின்கட்டுல ரூம் சும்மாத்தான் கெடக்குது, வா” என்று சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் காலையில் அண்ணி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். “அவன் தொரத்தி நான் போவல. உக்காந்து தைக்க ஒரு எடம் வேணும், போறேன்” என்று என்னிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் தெருவரை வந்து, நாலு பேர் பார்க்க, விக்கி விக்கி அழுதார். எல்லோரும் அவரைத்தான் தேற்றினார்கள். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நிஜமாகவும் இருந்திருக்கலாம். அழும்போது யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார், அதுதான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு மாமியார் மிளகாய் போடுவதை நிறுத்திவிட்டார். வெறும் கல்லுப்புதான். உப்பு நெருப்பில் விழுந்தால் எப்படியும் படபடவென்று வெடிக்கும். “கேட்டியாடா, எத்தனை கண்ணு!” என்பார். என் வீட்டுக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. யாரும் எதையும் அடக்க வேண்டியதில்லை. அந்த உப்புச் சத்தத்தோடுதான் மிச்சக் காலத்தையும் ஓட்டினோம்.

எனக்கு வலி எடுத்த அன்று மாமியார் மகனிடம் கேட்காமலேயே பீபி வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அளவுநாடா கழுத்தில் தொங்க, அண்ணி ஓட்டமும் நடையுமாக வந்தார். சொன்னபடியே பக்கத்தில் உட்கார்ந்தார். பெண் பிறந்தது. பார்க்க வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்று, “மூக்கு என்னுது, பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரோ ஒருவர், “ஆமா மேஸ்திரி, உங்க மூக்கேதான்” என்ற பிறகுதான் உள்ளே வந்தார்.

பத்தாம் நாளோ என்னவோ, அண்ணி ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணி, ஓரத்தில் சிவப்பு நூலில் பூ. “எப்படி? இந்தப் பூவை வேற எவளாவது போட முடியுமா?” என்றார். குழந்தைக்குப் போட்டுப் பார்த்தேன். தலையில் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை. குழந்தை வீறிட்டது. யாரிடமும் குறை சொல்லிப் பழக்கமில்லாத எனக்குச் சொல்வதா வேண்டாமா என்று இருந்தது.

“அண்ணி, கழுத்து சின்னதா இருக்குது.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையை வாங்கித் திருப்பி, கழுத்தில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

“ஆமாண்டி, ரொம்பச் சின்னதாப் போச்சு” என்றார். “அந்தக் கத்திரிய எடு.”